கண் சிமிட்டிய ஹோல் லைட்

எனக்கு மின்சார வேலை தெரியாது. இதை ஒப்புக்கொள்ள நாற்பது வயது வரை எடுத்தது. முப்பத்திரண்டு வயதில், கொக்குவிலில், விருந்தினரை இருத்தும் எங்கள் வீட்டு ஹோலில் ஒரு மின்னணு சுவிட்ச் பூட்டியபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் சொல்லாவிட்டாலும் வீட்டில் யாராவது இந்தக் கதையைச் சொல்லத்தான் போகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நானே எழுதிவிடுகிறேன்.

தங்கையைப் பெண் பார்க்க உடுப்பிட்டியிலிருந்து வருவதாக இருந்தார்கள். அதற்கு முன் மூன்று இடம் தவறிப்போயிருந்தது. இதுவும் தவறினால் அம்மா தாங்கமாட்டார். வீட்டைக் கொஞ்சம் நவீனமாகக் காட்டுவோம் என்று டவுனில் அந்தச் சுவிட்சை வாங்கினேன். தொட்டால் எரியும், தொட்டால் அணையும். நடு ஹோலில் தொங்கிய இரட்டை விளக்கிலிருந்த குண்டு பல்புகளைக் கழற்றி இரண்டு எல்.ஈ.டி. போட்டேன். சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு தாளும் இருந்தது. (படிக்கவில்லை. தாள் படிப்பவர்கள் தன்னம்பிக்கை இல்லாதவர்கள் என்பது அப்போது என் கொள்கை.)

“வயரிங் செய்யிற ஆளைக் கூப்பிடன் தம்பி,” என்றார் அம்மா.

“ரெண்டு வயர்தானே அம்மா. பழைய சுவிச்சிலை கழட்டினதை இதிலை பூட்டுறது. அதுக்கொரு ஆளோ?”

எரிந்தது. அணைத்தபோதுதான் இரண்டு பல்பும் கண் சிமிட்டத் தொடங்கின. அதற்குள் உடுப்பிட்டிக்காரரை ஏற்றிய வான் வாசல் படலையில் வந்து நின்றுவிட்டது. சரி, எரியவே விடுவோம் என்று தொட்டேன். எரிந்துகொண்டும் சிமிட்டின.

“தம்பி, கரண்ட் போகப்போகுதோ?” என்றார் மாப்பிள்ளையின் தாய்.

“இல்லை அன்ரி, றோட்டு லைனிலை ஏதோ பிழை.” (றோட்டு லைன் பாவம்.)

தங்கை தேநீர்த் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. கோப்பையை எடுக்கும்போதும் அவர் கண் விளக்கில்தான் இருந்தது. அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. நாலாவது இடம் என் கையாலேயே போகிறது.

மாப்பிள்ளை முதன்முதலாக வாய் திறந்தார். “அண்ணை, சுவிச்சுக்கு நியூட்ரல் வயர் குடுத்தனீங்களோ?”

“எது?” என்றேன்.

“அது இல்லாட்டி உந்தச் சுவிச் பல்புக்குள்ளாலைதான் தனக்குக் கரண்ட் எடுக்கும். குண்டு பல்ப் அதைத் தாங்கும். எல்.ஈ.டி.க்கு அந்தத் துளியே போதும், மினுங்கும். கழட்டின பழைய பல்ப் கிடக்கோ?”

கிடந்தது. என்னை மெயினை நிறுத்தச் சொல்லிவிட்டு, போட்டிருந்த புதுச் சேட்டு கசங்க, தான் இருந்த கதிரையிலேயே ஏறினார். கதிரையைத் தங்கை பிடித்துக்கொண்டாள். ஒரு எல்.ஈ.டி.யைக் கழற்றி அந்த இடத்தில் குண்டு பல்பைப் போட்டார். மெயினைப் போட்டு வந்து தொட்டேன், எரிந்தது. மறுபடி தொட்டேன், அணைந்தது. அணைந்தபடியே இருந்தது.

அவர்கள் போனபிறகு அம்மா தங்கையிடம், “அவர் உன்னைப் பாக்கவே இல்லையே பிள்ளை,” என்றார்.

“பரவாயில்லை அம்மா. ஓம் எண்டு சொல்லுங்கோ. எங்கடை வீட்டுக்கு வேலை தெரிஞ்ச ஆம்பிளை ஒருத்தர் வேணும்.”

அடுத்த நாளே உடுப்பிட்டியிலிருந்தும் சம்மதம் வந்தது. (கதிரையில் நின்றபடி கீழே அவளைப் பார்த்தாராம். தங்கை பிறகு சொன்னாள்.)

எட்டு வருடமாகிவிட்டது. ஒரு பழைய குண்டு பல்போடுதான் அந்த விளக்கு இன்றும் ஒழுங்காக எரிகிறது. நான் வயர் வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தால் போதும், குசினிக்குள் சமைத்தபடியே அம்மா கேட்பார்:

“இப்ப ஆரைத் தம்பி பொம்பிளை பாக்க வருகினம்?”