இரண்டு நாட்டு நார்ப்பலகை

"பக்கத்து நாட்டுக்காரன் நம்ம தலைக்கு மேல போறானேய்யா," என்றார் இயக்குநர்.

அவர் விரல் வைத்திருந்த படத்தில் இரண்டு கோடுகள். மரநாரை அழுத்திச் செய்து அலமாரிக்கும் மேசைக்கும் போடும் நார்ப்பலகையைப் பத்து வருடங்களில் எந்த நாடு எவ்வளவு இறக்குமதி செய்தது என்ற ஒப்பீடு. பக்கத்து நாட்டின் சிவப்புக் கோடு மேலே, நம்முடைய நீலம் கீழே.

"வெளியில குறைவா வாங்கறது நல்லதுதானே சார்?" என்றார் புள்ளி. புள்ளிவிவரப் பிரிவில் வேலை என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் சம்பள நாளன்று மட்டும் தேவைப்படும்.

"நம்ம ஜனங்க அலமாரிக்கு வழியில்லாம துணியத் தரையில குவிச்சு வச்சிருக்காங்கன்னு மந்திரி நினைப்பார். நாளைக்குச் சபையில வாசிக்கப் போறார். சரி பண்ணிக் கொண்டா. அப்புறம்தான் உன் மாற்றல் உத்தரவுல கையெழுத்து."

அந்தக் கையெழுத்துக்காக மூன்று வருடமாக நாயாய் அலைகிறார் புள்ளி. மனைவியும் மகளும் ஒரு ஊர், இவர் ஒரு ஊர். காலையில்கூட மனைவி போனில், "உங்க பொண்ணு உங்களப் பாத்து மாமான்னு கூப்பிடப் போறா, பாத்துக்குங்க," என்றிருந்தாள்.

வழி சுலபமாகத்தான் கிடைத்தது. அவர்கள் கணக்கு கன மீட்டரில், நம்முடையது டன்னில். இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றி வரைந்து எடுத்துக்கொண்டு ஓடினார்.

இயக்குநர் தாளைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். "நம்ம நாடு எங்கய்யா?"

"அவங்களுக்கு அடியில இருக்கு சார்."

சிவப்பும் நீலமும் பத்து வருடமும் அச்சு அசலாக ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. அவசரத்தில் மறந்துபோனது புள்ளிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோடுகள் ஒட்டாமல் என்ன செய்யும்? துறைமுகத்திலிருந்து கணக்கு ஒருநாளும் வந்ததில்லை. வருடா வருடம் பக்கத்து நாட்டு அறிக்கையை எடுத்து, கன மீட்டரை டன்னாக்கி, நம் கணக்கு என்று எழுதி வந்த மகானுபாவர் இவர்தான்.

"என்னய்யா, காப்பியா?"

"தற்செயல் சார்," என்று சொல்லிவிட்டு, இடத்துக்கு வந்து நீலத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டார்.

"பாத்தியா, நாடு முன்னேறுது," என்று பூரித்துப்போனார் இயக்குநர். பூரிப்பு மதியம் வரைக்கும்தான். படத்தைப் பார்த்த மந்திரியின் செயலாளர் போனில் பிடித்துக்கொண்டார். உள்நாட்டுப் பலகை ஆலைக்காரர்கள் சும்மா விடுவார்களா, இவ்வளவு பலகை எந்தக் கப்பலில் வந்தது, சரக்கு இறங்கியதற்கு இரண்டு நாட்டுக்கும் துறைமுகச் சீட்டு வேண்டும் என்றார்.

"சாயங்காலத்துக்குள்ள சீட்டு வரலேன்னா மாற்றல் கிடையாது, விசாரணைதான்," என்றார் இயக்குநர்.

புள்ளி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து நாட்டுப் புள்ளிவிவர அலுவலகத்துக்கு முதல்முறையாகப் போன் போட்டார். அவர்கள் சீட்டு கிடைத்தால் போதும், அதை வைத்து நம்முடையதையும் ஒப்பேற்றிவிடலாம். எடுத்தது ஒரு பெண் குமாஸ்தா.

"அம்மா, உங்க நார்ப்பலகைக் கணக்கு எங்கேருந்து வருதோ அந்த மூலம் எனக்கு வேணும்மா. என் குடும்பமே அதுலதான் தொங்குது," என்றார், வெட்கத்தை விட்டு.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு கதவு சாத்தப்படும் சத்தம்.

"மூலமா?" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "முந்தின வருஷம் நீங்க போட்டதக் கன மீட்டராக்கி, மேல கொஞ்சம் கூட்டித்தானே சார் நாங்க போடறோம்?"