மில்லை நிறுத்தியது குறித்து மாமனாரின் விளக்கம்

மேலாளர் அவர்களும், என் ஒரே மகளின் கணவருமான மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே பங்களாவில் நீங்களும், என் மகளும், தூங்கவே தூங்காத கைக்குழந்தைப் பேத்தியும் நலமாயிருக்க வேண்டும். மில்லை ஏன் நிறுத்தினீர் என்று விளக்கம் கேட்டு, முத்திரை குத்தி நீங்கள் அனுப்பிய கடிதம், சம்பவம் நடந்து வாரக்கணக்கில் ஆன பிறகு கிடைத்தது. ஆபீஸ் வேகம் என் காலத்தில் இருந்தபடியே இருப்பதில் மகிழ்ச்சி. உங்கள் அத்தை அதைப் படித்துவிட்டு, "ரிட்டயர் ஆன பிறகும் மெமோ வாங்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். அன்று காலை பின்வாசலில் கண்ணாடி மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தேன். பாதி முகம்தான் முடிந்திருந்தது, தலைக்கு மேலே உஸ்... உஸ்... என்று ஒரு சத்தம். ஆயுசு முழுக்கப் பாய்லரைக் கட்டிக்கொண்டு அழுதவனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் மூளைக்கு முன்னால் கால் ஓடும். நீராவி கசிகிறது, இன்னும் கொஞ்சம் போனால் மில்லே எகிறிவிடும் என்று, மறுபாதி முகத்தில் நுரையும் இடுப்பில் துண்டுமாக ஓடி, வாசல்காரர் "பெரியவரே, பாஸ் எங்கே" என்று கத்தக் கத்த உள்ளே புகுந்து, பாய்லர்காரரை ஒரு தள்ளுத் தள்ளி, மெயின் வால்வை மூடிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து நீங்கள் கோட்டு போட்டுக்கொண்டு, பாமாயில் வாங்க வந்த பெரிய மனிதர்களிடம், நம் எண்ணெயால் காட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று நான் கண்டேனா. மில் அடங்கிப்போனது. பாய்லரிலிருந்து பொட்டு நீராவிகூடக் கசியவில்லை. அந்த அமைதியில் மறுபடியும் அதே சத்தம், கூரைக்கு மேலே. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நீங்கள் மட்டும் என்னைப் பார்த்தீர்கள்.

அது இருவாச்சிப் பறவை, மாப்பிள்ளை. நீங்கள் இங்கே வேலைக்கு வருமுன்பே இந்தப் பக்கத்தை விட்டுப் போன இனம், பார்த்திருக்க மாட்டீர்கள். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. அலகின்மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும். இறக்கையடித்தால் பாய்லர் மூச்சு விடுவது போலவே கேட்கும். கல்யாணமான புதிதில் உங்கள் அத்தையே அந்தச் சத்தத்தைக் கேட்டு, பாய்லர் வெடித்தது, புருஷன் போனான் என்று அழுதுகொண்டே மில் வாசலுக்கு ஓடிவந்தவள்தான்.

அப்போதெல்லாம் காடு எங்கள் பின்சுவரில் வந்து முட்டிக்கொண்டிருந்தது. விடியும்போது குரங்குகள் கூட்டமாகக் கூவும், அதைக் கேட்டுத்தான் அத்தை அடுப்பு பற்றவைப்பாள். ஆற்றுக்கு அக்கரைக் காட்டை எரித்து எண்ணெய்ப்பனைக் கன்று வைத்ததும் கூவல் நின்றது, நான் தினமும் வேலைக்குப் பிந்திப் போய்த் திட்டு வாங்கி, ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். ஒரு மான் வந்து கொடியில் காயும் துணியை மெல்லும். "சனியனே, போ" என்று விரட்டிய அதே அத்தை, அது வராமல் போனபிறகு வெறும் கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். என் மகள் தொட்டிலில் கிடந்தபோது இருவாச்சி பறக்கிற சத்தம் கேட்டால்தான் கண் மூடுவாள். ஒருநாள் அதுவும் போயிற்று. பனையைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? எங்களுக்குச் சோறு போட்டது அந்த எண்ணெய், உங்களை மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தது அந்த எண்ணெய், அன்று என் முகத்தில் இருந்த சோப்பு நுரைகூட அந்த எண்ணெய்தான். ஆனாலும் ஜன்னலைத் திறந்தால் வரிசை வரிசையாகப் பனை நிற்கிறது, ஒரு சத்தம் கிடையாது. எனக்கு அந்தக் காடு வேண்டியிருக்கிறது, மாப்பிள்ளை. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பின்வாசலில் அந்தக் காட்டு மரம் ஒன்று மட்டும் எப்படியோ தப்பி நிற்கிறது. வருகிற திங்கட்கிழமை அதையும் சாய்த்துப் பனை வைக்க உத்தரவு போட்டிருக்கிறீர்கள். இப்போது அதன் பொந்துக்குள் பெண் இருவாச்சி இருக்கிறது. மண்ணால் வாசலைப் பூசிக்கொண்டு, அலகு நுழைகிற சந்து மட்டும் விட்டிருக்கிறது. இறகையும் உதிர்த்துவிடும், குஞ்சு வளரும்வரை வெளியே வராது, வந்தாலும் பறக்க முடியாது. ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பழத்துக்கு இங்கே எங்கே போகும், பாவம். அவ்வளவு பனையையும் தாண்டி, எங்கிருந்தோ தேடிக்கொண்டு வருகிறது. அது வரத் தாமதமானால் அத்தை பின்வாசலில் போய் நிற்கிறாள். எனக்காக அவள் அப்படி நின்று எத்தனையோ வருஷமாயிற்று. மரம் விழுந்தால் தாயும் குஞ்சும் அந்தப் பொந்துக்குள்ளேயே போய்விடும். குஞ்சு பறக்கும்வரையாவது மரம் நிற்கக் கூடாதா?

உங்களுக்கு மேலிடத்தில் எத்தனை நெருக்கடியோ, எனக்குத் தெரியாது. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் நானே கயிறு எடுத்துவைத்து, மரம் சாயும்போது பிடித்துக்கொள்கிறேன். மில் பக்கம் இனித் தலைவைத்தும் படுக்க மாட்டேன். இந்தப் பேச்சு நம் இருவருக்குள் இருக்கட்டும். மகளிடம் நான் மூச்சுக்கூட விடவில்லை.

உங்கள் பாய்லர் நெடுங்காலம் கசியாதிருக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: கடைசிப் பத்தியை நான் எழுதவே இல்லை என்று எண்ணிக்கொள்ளவும். நான் மூச்சு விடவில்லை, அத்தை விட்டுவிட்டாள். இன்று காலை நீங்கள் ஆபீசுக்குக் கிளம்பியதும் என் மகள் பெட்டியும் குழந்தையுமாக வந்து இறங்கி, மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டாள். "குஞ்சு பறக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். வெட்டணும்னா அவரே வந்து என்கிட்ட கேக்கட்டும்" என்கிறாள். நான் எடுத்துவைத்த கயிறு இப்போது அந்த மரத்தில்தான் இருக்கிறது, தொட்டில் கட்டிவிட்டாள். சற்றுமுன் ஆண் பறவை வந்துபோனது. உங்கள் பங்களாவில் தூங்காத பேத்தி அந்தச் சத்தத்தில் தூங்கிவிட்டாள். நீங்கள் சாப்பிட இங்கேயே வந்துவிடுங்கள். ஜீப்பை மட்டும் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், குழந்தை விழித்துக்கொள்வாள்.