கேரட்டை உயர்த்திப் பிடிக்கும் முறை

மனித குலம் நெருப்பை மூட்டக் கற்றது பெரிய காரியம்தான். சக்கரத்தை உருட்டியதும் லேசுப்பட்ட விஷயம் அல்ல. ஆனால் நான்கு வயதுக் குழந்தையின் வாய்க்குள் ஒரு துண்டுக் கேரட்டைத் 'தன்னார்வமாக' நுழைய வைப்பது எப்படி என்று குழு அமைத்து, அந்தக் குழுவைக் கவனிக்க ஒரு துணைக்குழுவும் அமைத்த அந்த மழலையர் பள்ளியின் சாதனைக்கு முன்னால் அதெல்லாம் கால் தூசு.

குழுவின் முதல் கூட்டம் பெரிய டீச்சரின் அறையில் நடந்தது. மேலிடத்துச் சுற்றறிக்கைப்படி அவர் அப்போதுதான் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டுப் புது மனுஷியாகத் திரும்பியிருந்தார்.

"குழந்தைங்க காதால கத்துக்கறதில்ல. கண்ணால கத்துக்கறாங்க" என்றார். சொல்லிவிட்டு ஒரு கிரீம் பிஸ்கட்டை இரண்டாகப் பிரித்து, கிரீம் இருக்கும் பக்கத்தை முதலில் கவனித்தார். "அதனால நாம செஞ்சு காட்டணும். அவங்க முன்னாடி உக்காந்து காயை ரசிச்சு ரசிச்சு சாப்பிடணும். இதுக்குப் பேரு 'முன்மாதிரி உண்ணல்'."

பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது. பள்ளியிலிருந்து பிஸ்கட்டை ஒழிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எல்லோர் வாயும் நிறைந்திருந்ததால் எதிர்ப்புக் குரல் எழவில்லை.

மறுநாளே திட்டம் அமலுக்கு வந்தது. காலையில் வாசலில் ஒவ்வொரு குழந்தையின் டப்பாவும் திறந்து பார்க்கப்படும். பிஸ்கட், சாக்லேட் வகையறா இருந்தால் பறிமுதல். பறிமுதல் ஆன பொருள் சாமான் அறையில் உள்ள பெரிய டின்னுக்குள் போய், 'முறைப்படி அழிக்கப்படும்'. அழிக்கும் பொறுப்பை ஆசிரியைகள் தங்கள் பற்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அந்தக் கதவுக்குப் பின்னால் போவார்கள். அழித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நாட்டுக்கு உழைத்த முகத்தோடு வெளியே வருவார்கள்.

இந்தத் தியாகிகளில் முன்வரிசையில் நின்றவர் சின்ன டீச்சர். பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். தலையில் நரை எட்டிப் பார்க்கும் வயது அவருக்கு. வேலைதான் இன்னும் வளரவில்லை. சேர்ந்த நாளிலிருந்து 'தற்காலிகம்'.

"ஏம்மா, அதிகாரி மேடம் வர்றாங்க" என்று பெரிய டீச்சர் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "இந்தத் திட்டத்துக்குச் சுற்றறிக்கை எழுதினதே அவங்கதான். உன் வகுப்பைத்தான் பாப்பாங்க. ஒரு பிள்ள விடாம காய் சாப்பிட்டா, உன் வேலை நிரந்தரம். இல்லன்னா உனக்காக நான் வாயைத் திறக்க முடியாது."

சின்ன டீச்சருக்கு இரண்டு கஷ்டங்கள். முதல் கஷ்டம், அவருக்குக் கேரட் என்றால் குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் கலை என்று ஒன்று இருக்கிறதே. கேரட்டை உயர்த்திப் பிடிப்பார். கண்ணை மூடுவார். "ஆஹா" என்பார். வெறும் வாயை நன்றாக மெல்லுவார். மெல்லும்போது கேரட் மேலங்கிப் பைக்குள் இறங்கிவிடும். ஒரே கேரட், துவண்டு போய்க் கயிறு மாதிரி தொங்கும் வரை, நாள்தோறும் 'ரசிக்கப்பட்டது'.

இரண்டாவது கஷ்டம், நீதிபதி. வகுப்புக்குள் திறக்கும் சாமான் அறைக் கதவை ஒட்டி உட்காரும் பையன். அழ மாட்டான், அடம் பிடிக்க மாட்டான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பான், வாயை மட்டும் திறக்க மாட்டான். அதனால் அந்தப் பெயர். சின்ன டீச்சர் கரண்டியை விமானமாக ஓட்டிப் பார்த்தார், கேரட்டுக்குக் கண் மூக்கு வைத்துப் பேச வைத்தார், வகுப்பையே கை தட்டச் சொன்னார். நீதிபதி எல்லாத் தரப்பையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். தீர்ப்பு மட்டும் வரவில்லை.

அவன் அம்மா வாசலில் கெஞ்சினாள். "டீச்சர், காலையில வீட்ல ஒண்ணும் தொட மாட்டேங்கறான். அந்த ரெண்டு பிஸ்கட்டாவது வயித்துல இருக்கட்டும். பசியோட உக்காந்திருப்பான் டீச்சர்."

"பசிச்சாத்தாம்மா காய் இறங்கும்" என்றார் சின்ன டீச்சர். பயிற்சியில் அப்படிச் சொன்னார்களாம். பையன் கையிலிருந்த பிஸ்கட் பறிமுதலாகி டின்னுக்குள் போனது. அது தேங்காய் பிஸ்கட். அவருக்குப் பிடித்த ரகம்.

அதிகாரி வந்தார். குழந்தைகள் நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். கைப்பையைத் தரையில் வைத்தார். பெரிய டீச்சர் பக்கத்தில் நின்று எதற்கும் இருக்கட்டும் என்று புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

சின்ன டீச்சர் கேரட்டை உயர்த்தினார். வகுப்பே உயர்த்தியது. "ஆஹா" என்றார். வகுப்பே கண்ணை மூடி "ஆஹா" என்றது. அதிகாரிக்குப் புல்லரித்தது.

"எவ்வளவு ஒழுங்கு. எல்லாரும் ஒண்ணாச் சாப்பிடறாங்களே."

எல்லோரும் ஒன்றாகத்தான் மென்றார்கள். தட்டுகள் காலியாகத்தான் ஆயின. குழந்தைகளின் சட்டைப் பைகள் மட்டும் ஏன் உப்பின என்று யாரும் கேட்கவில்லை.

நீதிபதி மட்டும் கேரட்டைத் தொடவில்லை. சின்ன டீச்சர் அவன் பக்கம் குனிந்தார். "கண்ணு, ஒரே ஒரு வாய்டா. டீச்சருக்காக."

அவன் எழுந்தான். நேராக அதிகாரியிடம் போனான்.

"பையைத் திறங்க."

"எதுக்குப்பா?"

"பாக்கணும். எல்லாரும் காட்டணும்."

அதிகாரி சிரித்துக்கொண்டே திறந்தார். மூக்குக் கண்ணாடி, குடை, ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட். சிரிப்பு பாதியில் நின்றது. நீதிபதி பாக்கெட்டை எடுத்துக்கொண்டான்.

"இது கெடுதி" என்றான், வாசலில் சின்ன டீச்சர் சொல்லும் அதே இழுப்பில். "பசிச்சாத்தாம்மா காய் இறங்கும்."

அப்படியே சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் போனான். உள்ளே பாக்கெட் பிரியும் சத்தம் கேட்டது. கடிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பசி அப்படி. பிறகு வெளியே வந்தான். வாயைத் துடைத்தான். தன் தட்டிலிருந்த கேரட்டை உயர்த்திப் பிடித்து, கண்ணை மூடி, "ஆஹா" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"தம்பி, பிஸ்கட்டை ஏன் அங்க போய்ச் சாப்பிட்ட?" அதிகாரியின் குரல் இறங்கியிருந்தது.

"அங்கதான் சாப்பிடணும். இங்க சாப்பிடற மாதிரி காட்டணும்." இவ்வளவு பெரியவருக்கு இது தெரியவில்லையே என்று அவன் முகத்தில் இரக்கம். "டீச்சர் செய்வாங்க. பெரிய டீச்சரும்."

பெரிய டீச்சரின் புன்னகை முகத்திலேயே மாட்டிக்கொண்டது. சின்ன டீச்சர் தரையைப் பார்த்தார். நிரந்தரம் என்ற சொல் அந்தத் தரையில் உருண்டு கதவுப் பக்கம் போவது போல் இருந்தது.

அதிகாரி மனசுக்குள் கணக்குப் போட்டார். திட்டம் தோற்றது என்றால் சுற்றறிக்கை தோற்றது. சுற்றறிக்கை தோற்றது என்றால், பிறகு கைப்பையைப் பற்றியும் பேச வேண்டிவரும்.

"நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கீங்க" என்றார் கடைசியில். "ஒண்ணு விடாம கத்துக்கிட்டிருக்கான்."

அவர் பரிந்துரை ஒப்புக்கு எழுதியது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 'குழந்தைகள் பெரியவர்களைப் பார்த்தே உண்ணப் பழகுகிறார்கள் என்பது இப்பள்ளியில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளது' என்றுதான் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் சத்தியம். திட்டம் மற்ற பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. சின்ன டீச்சரின் வேலையும் நிரந்தரமானது. அதைக் கொண்டாடக் குழு கூடியது. என்ன கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிரந்தர டீச்சராக முதல் நாள் காலை, அவர் வாசலில் நிமிர்ந்து நின்று டப்பாக்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். நீதிபதி வந்தான். யாரும் கேட்பதற்கு முன்பே தன் டப்பாவைத் திறந்து நீட்டினான். இரண்டு தேங்காய் பிஸ்கட்.

சின்ன டீச்சரின் கை பழக்கத்தில் நீண்டது.

அவன் டப்பாவை இழுத்துக்கொள்ளவில்லை. அண்ணாந்து பார்த்து, வீட்டில் அம்மா அவனிடம் கேட்கும் அதே கனிவோடு கேட்டான்.

"காலையில வீட்ல ஒண்ணும் சாப்பிடலையா டீச்சர்?"