வீட்டில் சொல்லிவிட்டீர்களா?

வெள்ளைக் கோட்டு மாட்டிய மூன்றாவது வாரத்திலேயே நான் என்னைப் பாதி டாக்டராக நினைத்துக்கொண்டேன். உண்மையில், டி.ஃபார்ம் முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு மருத்துவமனை மருந்தகத்துக்குப் பயிற்சிக்கு வந்தவள். கோட்டும் இரவல். (உள்ளே இன்னொருத்தி தாராளமாக நுழையலாம்.)

அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். "மெடிக்கல் ஷாப்புல நிக்கவா ரெண்டு வருசம் படிப்பு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "எம் மவ கவுரவமா உக்காந்து வேலை பாப்பா" என்றார். (மருந்தகத்தில் எங்களுக்கு நாற்காலியே கிடையாது.)

வியாழக்கிழமைகளில் எனக்கு ஸ்டோர் ரூம் வேலை. ஒரு வியாழன், கவுண்டருக்கு ஆள் வரவில்லை. மூத்த பார்மசிஸ்ட் செல்வி அக்கா, "மாத்திரைய நான் பாத்து எடுத்துத் தர்றேன். எப்படிச் சாப்பிடோணும்னு மட்டும் நீ சொல்லு கண்ணு" என்று என்னைக் கவுண்டரில் நிறுத்தினார்.

நான்காவதாக ஒரு சீட்டு வந்தது. முருகன், வயது 52. (திருப்பூரில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பாதி வரிசை திரும்பும்.) பெரிய ஆட்கள் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள் என்ற நினைப்பில், குனிந்தபடியே வரிசை முழுக்கக் கேட்கும்படி முழங்கினேன்.

"இது இதயம் பலவீனமானவங்களுக்குக் குடுக்கற மாத்திரை. நிறுத்தவே கூடாது. கனம் தூக்காதீங்க. உப்பைக் குறைங்க. வீட்டில சொல்லிட்டீங்களா? மறைக்கக் கூடாது."

"இப்பதாம்மா சொல்லுதேன்."

நிமிர்ந்தேன். முகக்கவசத்துக்கு மேலே அப்பாவின் கண்கள். தோளில் பனியன் பஞ்சு.

மாத்திரைகளை அவரிடம் கொடுக்காமல் என் பக்கம் இழுத்துக்கொண்டேன், கொடுக்காவிட்டால் நோயும் இல்லை என்பதுபோல. பிறகு ஓவென்று அழுதேன்.

"ஏனுங்க, மருந்து தீந்துபோச்சுங்களா?" என்றார் பின்னால் நின்றவர்.

"நோவை இப்படிக் கத்திச் சொல்லக் கூடாது கண்ணு" என்று மெதுவாகச் சொன்ன செல்வி அக்கா, மாத்திரைகளை அப்பாவிடம் கொடுத்து, எங்களை டீக்கடைக்கு அனுப்பினார்.

"எட்டு மாசமாத் தெரியும். உன் படிப்பும் பயிற்சியும் முடியட்டும்னு இருந்தேன்" என்றார் அப்பா. "வியாழக்கிழமை நீ உள்ள இருப்பன்னுதான் வந்தேன்." டீயை ஆற்றியபடி, "ஆனா திக்காமச் சொன்ன பாரு!" என்றார். மறுநாள் கம்பெனி முழுக்க அதையே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

எனக்கு வேலை கிடைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார். இப்போது நானே பயிற்சிக்கு வருபவர்களிடம், முதலில் முகத்தைப் பாருங்கள் என்கிறேன்.

வீட்டில் யார் எதை மறைத்தாலும், தம்பி என் குரலில் முழங்குவான்: "வீட்டில சொல்லிட்டீங்களா?" எல்லோரும் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள். பிறகு எழுந்துபோய், சுத்தமாகவே இருக்கும் கைகளை வெகுநேரம் கழுவிக்கொண்டிருப்பாள்.