கங்காணி வழியாகப் போன ஸ்பானிஷ்

எழுபதுகளின் கடைசியில், ஒரு நாள், எங்கள் எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நின்றவர்கள் ஐந்து பேர்: துரை, ஸ்பெயினிலிருந்து அவருக்கு விருந்தாளியாக வந்த அம்மாள், எங்களை வேலை வாங்கும் கங்காணி, தேநீர் ஊற்ற வந்த என் மனைவி எஸ்தர், கடைசியாக, வேலை கேட்டு வந்த நான்.

விருந்தாளிகளுக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்ட ஓர் ஆள் தேவை. அந்த அம்மாளிடம் அவர் மொழியில் பேசுகிறவருக்கு வேலை என்று துரை சொல்லியிருந்தார். மழையில் புல் வெட்டியே எனக்கு நெஞ்சுச்சளி விட்டபாடில்லை. கூரைக்குக் கீழே ஒரு வேலை கிடைத்தால் பிழைத்தேன். படிப்போ நாலாம் வகுப்போடு சரி.

எஸ்தர் கல்யாணத்துக்கு முன் பக்கத்து டவுனான தானா ராத்தாவில் ஒரு ஸ்பெயின் குடும்பத்தில் துணி தேய்த்துக்கொண்டே மொழியையும் பிடித்தவள். (அவளே போகலாமே என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.) அம்மாள் வருவதற்கு முந்தின வாரமே எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினாள்.

"டீ ஆம்பள, கப்பு பொம்பள. அதுக்கேத்த மாதிரி முன்னால ஒரு சொல்லு போடணும்."

"கப்பு என்ன பாவம் பண்ணுச்சு லா?"

"கேளுங்க. நாம சூடான டீன்னுவோம். அவங்க டீய முதல்ல வெச்சிட்டுத்தான் சூட்டச் சொல்வாங்க. மழை பெய்யுதுன்னா ஒரு பேச்சு. பெய்யணும்னு ஆசப்பட்டாலும், பெஞ்சிருமோன்னு பயந்தாலும் பேச்சே மாறிரும்."

பயத்துக்கென்று தனியாக ஒரு வினை வைத்திருக்கும் ஜனங்கள்மீது எனக்கு அன்றே மரியாதை வந்துவிட்டது. (என் ஆயுளில் பாதியை அதிலேயே பேசி முடித்திருப்பேன்.)

இந்த மூன்று பாடத்தையும் ஒரே வரியில் அடக்கிக் கொடுத்தாள்: "எஸ்பெரோ கே லே குஸ்தே எல் தே காலியெந்தே." இந்தச் சூடான டீ உங்களுக்குப் பிடிக்கணும் என்று அர்த்தம். தூக்கத்திலும் அதையே சொல்லிப் பார்த்தேன்.

அன்று தொழிற்சாலை வாசலில் அம்மாள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எழுத்துப் பிசகாமல் சொன்னேன். கங்காணியிடம்.

என்ன செய்ய? எஸ்டேட்டில் பிறந்தவன் துரைமாரிடம் நேரே பேசுவதில்லை. கங்காணியிடம் சொன்னால் அவர் மேலே சொல்வார். கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.

கங்காணி அசரவில்லை. அவர் மூலம் நான் வழக்கமாகக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"தொர, இவன் லீவு கேக்கிறான்."

"சரி, போகச் சொல்லு."

போய்விட்டேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், எஸ்தர் கோப்பையை நீட்டியபடி அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து நேரே பேசிக்கொண்டிருக்கிறாள். அவளும் எஸ்டேட்டில் பிறந்தவள்தான். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ, இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. நான் மழையில் நனைந்தபடியே பெருமைப்பட்டேன்.

இப்போதும் அவளிடம் எதையாவது கேட்க நான் தயங்கி நின்றால், உள்ளேயிருந்து மகள் குரல் வரும்: "அப்பா, கங்காணிய வரச் சொல்லவா?"