லைன் கிளியர் வாங்கிய பருந்துகள்

லைன்மேன் தரையைப் பார்த்து நடந்ததை உத்திரமேரூரில் பார்த்தவர்கள் கிடையாது. வேலையில் இருந்தவரை மின்கம்பியைப் பார்த்தே நடந்தார். ஓய்வு பெற்றதும் கம்பிக்கு மேலே பறக்கிற பருந்தைப் பார்த்து நடந்தார். அவர் மிதிக்காத சாணி திருப்புலிவனம் சாலையில் இல்லை. பெயரா? அவர் மனைவிக்கு ஒருவேளை தெரிந்திருக்கும்.

ஞாயிறு காலைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு ஊருக்கு மேற்கே உள்ள புல்வெளிக்குப் போவார். பறவைகள் காப்பிடம் என்று அங்கே பலகை உண்டு. ஆடுகள் அதைப் படித்ததில்லை. ஒருநாள் தொலைவில் ஒரு கம்பின் மேல் பெரிதாக ஏதோ உட்கார்ந்திருந்தது.

"ராஜாளி சார். மூச்சு வுடாதீங்க" என்றார்.

மூச்சு விடாமல், நாஷ்டாவும் இல்லாமல், வெயில் ஏறும்வரை நின்றோம். அது அசையவே இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் கத்திரித் தோட்டத்துத் திருஷ்டிப் பானை. மீசை வேறு வரைந்திருந்தார்கள்.

"இன்னா பொறுமை பாத்தீங்களா சார் அதுக்கு" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

கேலி இருக்கட்டும். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து பூனைப்பருந்துகள் வந்து பங்குனிவரை அங்கே தங்கும். அவை மரத்தில் அடைவதில்லை. இருட்டினால் புல்லுக்குள் தரையிலேயே படுத்துவிடும். புல் காய்ந்ததும் சாயங்காலமாக நெருப்பு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கருகிய இடத்தில் ஆட்டுக்கு இளம்புல் துளிர்க்கும். மாசியிலேயே வைத்துவிட்டால் பருந்துகள் படுத்த இடத்திலேயே வெந்துபோகும்.

ஆடு வைத்திருப்பவர்களில் கன்னியம்மா சொல்தான் செல்லும். லைன்மேன் அவரிடம் போய் 'லைன் கிளியர்' கேட்டார். கம்பத்தில் ஏறுகிறவர் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி வாங்கும் அனுமதி அது. வாங்கியவரே இறங்கி வந்து திருப்பிக் கொடுக்கிறவரை யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது.

"நான் வந்து சொல்றவரைக்கும் நெருப்பு வெக்காதம்மா."

"என் ஆடு இன்னாத்த துன்னும்? உன் பருந்தையா?"

"ஏரிக்கரைக்கு நானே ஓட்டிக்கினு போறேன்."

சொன்னபடி போனார். வானத்தைப் பார்த்தபடியே ஆடு மேய்த்தார். ஆடுகள் பாதி ஊரின் தோட்டத்தை மேய்ந்தன. அந்த ஏச்சையெல்லாம் கன்னியம்மா வாங்கிக்கொண்டார். பங்குனி பிறந்ததும் லைன்மேன் கால்வாயில் விழுந்து, கால் முறிந்து, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

பருந்துகள் கிளம்பிப் போயின. மற்ற ஆட்டுக்காரர்கள் தீப்பெட்டியோடு வந்து நின்றார்கள். இளைத்துப்போன ஆடுகளைப் பார்த்து நானே கன்னியம்மாவிடம், "பறவையெல்லாம் போயிடுச்சும்மா, வெச்சுடலாம்" என்றேன்.

"நீ யாரு சார் சொல்றதுக்கு? கம்பத்துல ஏறுனது அவுரு. அவுரு இன்னும் எறங்கல" என்றார்.

ஒருவரும் தீப்பெட்டியைத் திறக்கவில்லை.

மாவுக்கட்டுக் காலோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார் லைன்மேன். புல்வெளியின் ஓரத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, பைனாகுலரில் ஒரு சுற்று பார்த்தார். "லைன் கிளியர் வாபஸ்மா. வெச்சிக்கோ" என்றார்.

கன்னியம்மா தீப்பெட்டியை எடுத்தார். குச்சியை உரசவில்லை.

"இன்னொரு தபா நல்லா பாருண்ணா. ஒண்ணு ரெண்டு பின்னால தங்கியிருந்தா இன்னா பண்றது?"

லைன்மேன் மறுபடி பைனாகுலரை எடுத்தார். என் தோள் கடுத்தது, ஆனாலும் நான் நகரவில்லை. அந்த மனுஷனை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.