பிரேக் சித்தரும் தகடு ஒட்டிய வேனும்

பிரேக் சித்தர் கை காட்டினால் ஓடுகிற வண்டி நிற்குமாம். சிவப்பு விளக்கு கெஞ்சினாலும் நிற்காத கூட்டம், அந்த அதிசயத்தைப் பார்க்க மைதானத்தில் முண்டியடித்தது. வந்த அவசரத்தில் ஒருவர் இன்னொருவர் காரில் இடித்துவிட்டார். பாவம், இன்னும் தகடு வாங்காதவர்.

சித்தரின் சரக்கு ஒரு செப்புத் தகடு. ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒட்டிவிட்டால் விபத்து அண்டாது. பள்ளித் தாளாளர் தம் வேன்களுக்கெல்லாம் வாங்கி ஒட்டினார். ஒட்டிய கையோடு, ஓட்டுநர்களை அனுப்புவதாக இருந்த தற்காப்பு ஓட்டுதல் பயிற்சியை ரத்து செய்தார். "தகடு இருக்கும்போது படிப்பு எதுக்கு?" என்றார். கேட்டவர் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்.

அந்த வேன்களில் ஒன்றை ஓட்டுபவள் வேன் அக்கா. அவள் மட்டும் அந்தப் பயிற்சியைத் தானாகவே போய் முடித்திருந்தாள். முன்னால் போகிற வண்டியோடு ஒட்டி உறவாடாதே, தூரத்தில் நடப்பதைப் பார், அடுத்தவன் தப்பு செய்வான் என்றே நினைத்து ஓட்டு. இவைதான் அங்கே சொன்ன மந்திரங்கள்.

ஒருநாள் சந்திலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. பந்தைக் கண்டதுமே அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள். பின்னாலேயே ஒரு குழந்தை ஓடிவந்து வேனுக்கு முன்னால் நின்று சிரித்தது. அக்கா இறங்கி அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சந்துக்குள் விட்டாள்.

"பாத்தியாம்மா, தகடு வேலை செய்யுது" என்றார் தாளாளர்.

"வேலை செஞ்சது என் கால் சார்."

அவர் காதில் அது ஏறவில்லை. அவள் வீட்டுக்காரர் காதிலோ ஏற இடமே இல்லை. டாக்ஸி ஓட்டும் அந்த மனிதர், தகடு ஒட்டிய நாள்முதல் போனைக் காதில் வைத்தபடிதான் ஓட்டுகிறார். கேட்டால், "தகடு பாத்துக்கும், நீ சும்மா இரு." சும்மா இருந்தால் தாலி நிலைக்காது என்றுதான் வேனை எடுத்துக்கொண்டு அவளும் மைதானத்துக்கு வந்தாள்.

கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிய சீடன் காரை ஓட்டி வந்தான். சித்தர் உள்ளங்கையைக் காட்டினார். கார் ஒரு சாண் தள்ளி நின்றது. கூட்டம் கும்பிட்டது. காருக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா மட்டும் கும்பிடவில்லை. பின்விளக்கு சிவந்த பிறகுதான் சித்தரின் கை எழுந்தது என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"சாமி, என் வேன்லயும் உங்க தகடுதான். நான் ஓட்டிட்டு வரேன், கை காட்டி நிறுத்துங்க. பிரேக்ல நான் கால் வைக்க மாட்டேன்."

சித்தர் அவசரமாகக் கையை இறக்கினார். "பொம்பளைங்க ஓட்டினா தகடு பலிக்காதும்மா."

கூட்டத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அப்ப இவ வேன்ல போற புள்ளைங்க?"

கூட்டம் முன்வரிசையில் இருந்த தாளாளரைப் பார்த்தது. தாளாளர் சித்தரைப் பார்த்தார். சித்தர் வேறு வழியில்லாமல் போய் நின்றார்.

எங்கே நிறுத்துவது என்று அக்கா முன்பே முடிவு செய்திருந்தாள். வேன் நடக்கிற வேகத்தில்தான் வந்தது. சித்தர் ஒரு கையைத் தூக்கினார். வேன் வந்தது. இரண்டு கையையும் தூக்கினார். அப்போதும் வந்தது.

"பிரேக்கப் போடும்மா! ஏய், பிரேக்கப் போடு!"

அலறிக்கொண்டே ஓரத்துச் சேற்றில் பாய்ந்தார் சித்தர். அக்கா கை பிரேக்கை இழுக்க, அவர் நின்ற இடத்துக்கு நாலு ஆள் நீளம் முன்னாலேயே வேன் அமைதியாக நின்றது.

அக்கா இறங்கினாள். "கேட்டீங்களா? ஆபத்துன்னு வந்ததும் சாமியே தகட்டக் கூப்பிடல, பிரேக்கத்தான் கூப்பிட்டாரு."

வீட்டுக்காரர் சீடனின் துணியைப் பிடுங்கித் தம் கண்ணில் கட்டினார். "அடப்பாவி, எல்லாம் பளிச்சுனு தெரியுதுடா" என்றார். பிறகு அவிழ்த்துவிட்டு மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்தக் கிளாஸ்ல என்னையும் சேத்துக்குவாங்களா?"

தாளாளர் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் கூட்டத்திலிருந்த பெற்றோர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டதில் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் பயிற்சி என்று அங்கேயே அறிவித்தார்.

வண்டி ஓட்ட உரிமம் கேட்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கு எந்த உரிமமும் வேண்டியதில்லை. அதனால்தான் அந்தப் பாதையில் இத்தனை விபத்து. அடுத்த சித்தர் கையைத் தூக்கும்போதாவது கொஞ்சம் யோசியுங்கள். யோசனைக்கு யாரும் அபராதம் போடுவதில்லை.